இடுப்பிலிருந்து பெருவிரல் வரை இழுக்கும் வலி: ஆறு வாரமாகியும் விடவில்லை

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. ஆறு வாரங்களுக்கு முன் ஒரு நாள் காலையில், எங்கள் தெரு அடிபம்பில் நிரம்பிய குடத்தைக் குனிந்து தூக்கி, அப்படியே இடப்பக்கம் திரும்பித் திண்ணையில் வைத்தபோது இடுப்பில் சுருக்கென்றது. வழக்கமான பிடிப்புதான் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அன்று வேலைக்கும் போய்விட்டேன். மூன்றாம் நாள் இடுப்புவலி பாதியாகக் குறைந்தது. ஆனால் அது குறைந்த இடத்திலிருந்து புறப்பட்டு இடது புட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்புறம் என்று இறங்கிக் கால் பெருவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

இருமினாலும் தும்மினாலும் மின்சாரம் பாய்ந்தது போலக் கால் முழுவதும் வெட்டுகிறது. நாற்காலியில் பத்து நிமிடம்தான் இருக்க முடிகிறது. சென்ற வாரம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது இடது கால் செருப்பு நழுவிப் பின்னால் கிடக்க, அதை அறியாமலேயே நான்கு அடி நடந்துவிட்டேன். பின்னால் வந்த பூக்கார அம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வலியைவிட அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாயிற்று. இடுப்பு முதுகெலும்பின் நான்காம், ஐந்தாம் கட்டைகளான எல்4–எல்5 இடையே டிஸ்க் பிதுங்கி இடப்பக்க நரம்பு வேரைத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்த முதல் மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். இரண்டாமவர் மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்றார். என் அம்மாவோ, ஜவ்வு விலகியிருக்கிறது, சுளுக்கு எடுப்பவரிடம் போனால் ஒரே தட்டில் உள்ளே போய்விடும் என்கிறார். மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவதால் நான் நடுத்தெருவில் நிற்கிறேன். இந்த வலியைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் நன்றியுடையவனாவேன்.

ராயபுரம் பிசியோ எழுதியது:

அண்ணா, நான் பதினான்கு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் 'ஜவ்வு விலகல்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. முதுகெலும்புக் கட்டைகள் இரண்டுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், சோப்புக்கட்டி போல வழுக்கி வெளியே வரும் பொருள் அன்று. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்திருப்பது. வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் பலவீனப்பட்ட இடத்தில் கூழ் புடைக்கிறது அல்லது பிதுங்குகிறது. அது நரம்பு வேரை அழுத்துவதோடு, அதன் வேதிப்பொருள்களால் அந்த வேரைச் சுற்றி அழற்சியும் உண்டாகிறது. காலில் நீங்கள் உணரும் எரிச்சலும் வெட்டும் அங்கிருந்து வருபவைதான். காலில் ஒரு கோளாறும் இல்லை. ஆகவே வெளியிலிருந்து தட்டியோ மிதித்தோ அதை 'உள்ளே தள்ள' வழியே கிடையாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கால் நரம்பாகிய சயாட்டிக் நரம்பு, இடுப்பின் எல்4 முதல் அதற்குக் கீழுள்ள திருவெலும்பின் எஸ்3 வரையிலான வேர்கள் சேர்ந்து உருவாவது. உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு. எந்த வேர் பாதிக்கப்படுகிறது என்பதைக் கால் விரலே சொல்லிவிடும். எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 வேர் மாட்டிக்கொள்ளும். வலியும் மரத்துப்போதலும் பாதத்தின் மேற்புறத்துக்கும் பெருவிரலுக்கும் போகும். அதற்கு அடுத்த டிஸ்க் என்றால் எஸ்1 வேர். அப்போது சுண்டுவிரல் பக்கமும் குதிகாலும் பேசும். உங்கள் ஸ்கேனும் உங்கள் பெருவிரலும் ஒரே கதையைச் சொல்கின்றன. இது நல்ல செய்திதான், ஏனென்றால் நோய் எங்கே இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இப்போதே ஒன்று செய்து பார்த்துச் சொல்லுங்கள். சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கி, குதிகாலால் மட்டும் பத்து அடி நடக்க முடிகிறதா? பிறகு நுனிக்காலால் பத்து அடி. இடது பெருவிரலை மேலே தூக்கி, வேறொருவர் விரலால் கீழே அழுத்தும்போது எதிர்த்து நிறுத்த முடிகிறதா? மரத்துப்போவது ஒன்று, வலுவிழப்பது வேறொன்று. முன்னதோடு காத்திருக்கலாம், பின்னது கூடிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, நான் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. வலி எவ்வளவு என்று கேட்பதைவிட, வலி எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பேன். பெருவிரலில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பிறகு இடுப்புக்கும் ஏறி வந்தால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் நீங்கள் தேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். மாறாக, இடுப்பு லேசாகி வலி பாதத்துக்கு இறங்கினால், அப்போது செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். குடம் தூக்கிய மூன்றாம் நாள் இடுப்புவலி குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது குறைந்ததாகக் கணக்கில் வராது, இறங்கியது. நியூசிலாந்துக்காரரான மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1950களில் கண்டு சொன்ன இந்த அளவுகோல் இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது.

அதைச் சோதிக்க எளிய வழி: ஒரு பாயிலோ கட்டிலிலோ குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். கால் வலி கூடவில்லை என்றால், முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி இன்னும் இரண்டு நிமிடம். வலி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை செய்யலாம். இறங்கினால் உடனே விட்டுவிட்டு எழுதுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி இதில் எதுவுமே இல்லை.

காசிமேட்டு ஐஸ்பெட்டி எழுதியது:

தம்பி, மேலே சகோதரி எழுதியதை மூன்று முறை படியுங்கள். சுளுக்கு எடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பில் பார்த்தவன்.

மீன்பிடித் துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பெட்டி தூக்கினேன். மீனும் ஐஸும் நிறைந்த பெட்டியை இருவர் தூக்க வேண்டும் என்பது முறை. விடியற்காலை ஏலம் சூடாக இருக்கும்போது இரண்டாவது ஆளுக்கு யார் காத்திருப்பது? அப்படி ஒரு நாள் தனியாக இழுத்ததில் உங்களைப் போலவே வலது காலில் இறங்கியது. தெரிந்தவர் அழைத்துப் போன இடத்தில் என்னைக் குப்புறப் போட்டு, ஒருவர் இடுப்பில் ஏறி நின்று மிதித்தார். படக்கென்று ஒரு சத்தம். இடுப்புவலி அந்த நிமிடமே போய்விட்டது; காசும் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டும் வந்தேன். மறுநாள் காலையில் நடக்கும்போது வலது செருப்பின் முனை தரையில் தட்டிக்கொண்டே வந்தது. பாதம் மேலே எழும்பவில்லை.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வலி இல்லையே என்று பத்து நாள் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் அந்தப் பத்து நாள்தான் நெஞ்சை அறுக்கிறது. பிறகு அரசு மருத்துவமனையில் காட்டி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தார்கள். கால் வலி விழித்தவுடனேயே இல்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பாதம் முழு வலுவுக்குத் திரும்பவே இல்லை. இன்றும் படியேறும்போது கவனித்துத்தான் காலை வைக்கிறேன். பெட்டி தூக்குவதை விட்டு இப்போது ஏலக்கணக்கு எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சையே தப்பு என்று பயமுறுத்துவோரும் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் நடந்தது. தாமதமாகப் போனதும், போவதற்கு முன் மிதிபட்டதும்தான் என் தப்பு.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு சுளுக்குப் பேச்சே வீட்டில் எழவில்லை.

சகோதரி, குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்க முடிகிறது. பெருவிரலை என் மகன் அழுத்திப் பார்த்தான், வலது காலைவிடச் சற்றே குறைவு, ஆனால் நிற்கிறது. குப்புறப் படுத்தபோது முதல் நிமிடம் பயமாக இருந்தது, பிறகு பெருவிரல் எரிச்சல் கொஞ்சம் மங்கியது போலத் தோன்றியது. மனப்பிரமையா என்று தெரியவில்லை.

இன்னும் சில ஐயங்கள். இடுப்பு பெல்ட் கட்டலாமா? கட்டாந்தரையில் படுத்தால் நல்லது என்கிறார்களே, உண்மையா? வேலைக்குப் போக எண்ணூர் விரைவுச் சாலை வழியாக பைக்கில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது, விட்டுவிட வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேனில் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தில்லையா?

திருவொற்றியூர் ஆசிரியை எழுதியது:

நான் மருத்துவர் அல்லள். இதே எல்5 வலியோடு வீட்டையும் பள்ளியையும் ஐந்து மாதம் ஓட்டியவள். மருந்துச்சீட்டில் எழுதப்படாத செய்திகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

காலையில் எழுவதுதான் நாளின் மிகக் கடினமான வேலை. மல்லாந்து படுத்த நிலையிலிருந்து விசுக்கென்று எழாதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். எழுந்த முதல் அரை மணி நேரம் குனிவதை முற்றிலும் தவிர்த்தேன். இரவில் டிஸ்க் நீர் ஏற்றுப் பருத்திருக்கும் என்று எனக்குச் சொன்னார்கள். பல் துலக்கும்போது ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொள்ளலாம். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் சுவரில் கையை வைத்து, முழங்காலைத் தளர்த்தி, நிமிர்ந்து நின்று தும்முங்கள். இதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. ஒரு தும்மலில் அடுப்படியில் விழுந்த பிறகு நானே கண்டுகொண்டது.

பாத்திரம் தேய்ப்பதைத் தரையிலிருந்து மேடைக்கு மாற்றினேன். ஒரு காலைச் சிறிய முக்காலியில் வைத்து, கால் மாற்றி மாற்றி நின்றால் மேடை வேலை தாங்கும். அம்மியும் அரிவாள்மணையும் பரணுக்குப் போயின. கழிப்பறை எங்கள் வீட்டில் இந்திய முறை. மருந்துக்கடையில் கிடைக்கும் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாங்கி அதன் மேல் வைத்துக்கொண்டோம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கும்போது வரும் வலியைச் சபையில் சொல்ல முடியாது, ஆனால் அதைப் போல வேறு வலியும் கிடையாது.

குடம் தூக்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் லாரி வரும்போது பெண்கள் அனைவரும் செய்வது அதே குனிந்து, தூக்கி, திரும்பும் வேலைதான். பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. எடை கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தத் திரும்பல்தான் கெடுக்கிறது. குடத்தை வயிற்றோடு அணைத்து, காலை நகர்த்தி உடம்பு முழுவதையும் திருப்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்காதீர்கள். இப்போதைக்கு உங்களுக்கு அது கூட வேண்டாம், மகன் இருக்கிறானே.

பழைய வண்ணாரப்பேட்டை நர்ஸம்மா எழுதியது:

பணி ஓய்வு பெற்ற செவிலி என்ற முறையில் மாத்திரைகளைப் பற்றியும் அபாய அறிகுறிகளைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

தம்பி, இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் முழுவதும் மரத்துப்போனாலோ, இரண்டு காலுமே தளர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகுத்தண்டின் கடைசியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். ஸ்டான்லியோ, சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையோ, அந்த நேரத்தில் எது அருகிலோ அங்கே அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள்; 108க்குச் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். அதிலும் முந்துவதே நல்லது. வெட்கப்பட்டுக்கொண்டு சிறுநீர்ச் சிக்கலை மறைத்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவை சேர்ந்தால் அது வேறு கதை. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் அரிதன்று.

மாத்திரை விஷயம். மருந்துக்கடையில் 'கால் இழுக்குது' என்று சொன்னவுடன் நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். அதில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ என்ற வலி மாத்திரை கட்டாயம் இருக்கும். சாப்பிட்ட பின் சில நாள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடல்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடும். சர்க்கரை நோயாளிகள், முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை அளவு ஏறும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்த ஊசி நோயைத் தீர்ப்பதில்லை; நடக்கவும் தூங்கவும் சில வாரம் இடைவெளி வாங்கித் தருகிறது.

நரம்பு மாத்திரை என்று எல்லோருக்கும் எழுதித் தரும் பிரிகாபலினைப் பற்றி ஒரு வார்த்தை. சயாட்டிகா என்னும் இந்தக் கால் நரம்பு வலிக்கு அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாகப் பயன்படவில்லை, தலைசுற்றல்தான் கூடியது என்று 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்ட வேண்டாம்.

வியாசர்பாடி வைத்தியப்பிரியன் எழுதியது:

எல்லோரும் ஆங்கில மருத்துவத்தையே பேசுகிறீர்கள். ஆயுர்வேதத்தில் இந்த நோய்க்குக் கிருத்ரசி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கிருத்ரம் என்றால் கழுகு, நோயாளி கழுகைப் போல விந்தி நடப்பதால் வந்த பெயர். எண்ணெய் ஒத்தடத்தில் என் மாமா முழுவதும் குணமடைந்தார். ஆறே வாரத்தில் எழுந்து நடந்தார்.

ராயபுரம் பிசியோ எழுதியது:

வைத்தியப்பிரியன் அவர்களே, எண்ணெய் ஒத்தடத்தை நான் குறை சொல்லவில்லை. சூடு பட்டால் இறுகிய தசை இளகும், தூக்கம் வரும். பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போவது அவரவர் விருப்பம். ஆனால் ஆறு வாரம் என்று சொன்னீர்களே, அங்கேதான் சூட்சுமம். இந்த வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே தணியத் தொடங்கும். பிதுங்கிய கூழை உடம்பே அந்நியப் பொருளாகக் கருதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டுதான் சிறிய புடைப்பைவிட அதிகம் கரைகிறது. அந்த வாரங்களில் யாரிடம் போயிருந்தோமோ அவருக்குப் பெயர் போய்ச் சேர்கிறது. என் தொழிலுக்கும் இது பொருந்தும்; எனக்கு வந்த புகழில் பாதி அந்தக் கணக்கில் வந்ததுதான்.

அண்ணா, இப்போது உங்கள் கேள்விகள். பெல்ட்டை, தவிர்க்க முடியாத பயணத்தின்போது ஒரு மணி நேரம் கட்டிக்கொள்ளலாம். நாள் முழுவதும் கட்டினால் இடுப்புத் தசை சோம்பிவிடும். கட்டாந்தரை வேண்டாம். மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே நாள்பட்ட இடுப்புவலிக்கு மேல் என்று 2003இல் ஸ்பெயினில் 313 பேரிடம் செய்த ஆய்வு சொன்னது. நம் இலவம்பஞ்சு மெத்தை குழி விழாமல் இருந்தால் போதும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை.

மூன்று வாரப் படுக்கை ஓய்வு பழைய காலத்து அறிவுரை. நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு வாரம் படுக்க வைத்தும், மற்றவர்களை முடிந்த அளவு நடமாட விட்டும் பார்த்தார்கள். 1999இல் வந்த முடிவின்படி பன்னிரண்டாவது வாரத்தில் இரு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குத் தனி நன்மை ஒன்றும் கிடைக்கவில்லை. வலி தாங்காத நாளில் ஓரிரு நாள் படுங்கள், பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே பத்து நிமிட நடை.

பைக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குலுங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். முன்குனிந்து உட்காருவதுதான் டிஸ்க்குக்குப் பகை. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த நாக்கெம்சன், டிஸ்க்குக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்று கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25, உட்காரும்போது 140, முன்குனிந்து உட்காரும்போது 185. பின்னாளில் வந்த அளவீடுகளில், தளர்ந்து சாய்ந்து உட்காருவது அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. குனிவதைப் பற்றிய முடிவு மாறவில்லை. உங்களுக்குத்தான் 2021இலிருந்து வீட்டுப் பக்கத்திலேயே மெட்ரோ இருக்கிறதே! தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி தாண்டினால் உயர் நீதிமன்ற நிலையம்; நான்காவது நிறுத்தம். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகலாம். அலுவலகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ஸ்கேன் பயம்தான் எல்லாவற்றிலும் பெரிய பயம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், நாற்பது வயதினரில் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. உங்கள் ஸ்கேன் உங்கள் அறிகுறியோடு பொருந்துவதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் படத்தை மட்டும் வைத்து யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் வலியில் இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு உடனே அறுவை, மற்றதற்குக் காத்திருப்பு என்று பார்த்தார்கள். அது 2007இல் வெளியானது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் போனது. ஓராண்டு முடிவில் இரு அணியிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்த அணியில் 39 சதவீதம் பேர் நடுவில் தாங்க முடியாமல் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே வலு குறையாதவரை முடிவு உங்கள் கையில். வலியை எவ்வளவு நாள் தாங்க முடியும், எவ்வளவு நாள் சம்பளமில்லாமல் இருக்க முடியும் என்பதும் அந்த முடிவில் சேர்ந்ததே.

பெரம்பூர் பழைய பட்டறைக்காரர் எழுதியது:

ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 71 வயதுக்காரன் நான். பிசியோ அம்மா எழுதியதில் ஒரு திருத்தம் சொல்ல அனுமதிக்க வேண்டும். என்னைப் போன்ற வயதானவர்களும் இதைப் படிப்பார்கள். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் பயிற்சியைக் கைபேசியில் பார்த்து நானும் செய்தேன், இரண்டு காலும் கனத்து நடக்கவே முடியாமல் போயிற்று. எனக்கு இருநூறு அடி நடந்தால் இரண்டு காலும் கடுக்கும். எங்கேயாவது குனிந்து உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் சரியாகும். வினோதம் என்னவென்றால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் மூலக்கடை வரை போய்விடுவேன். தம்பிக்குக் குனிந்தால் வலி, எனக்கு நிமிர்ந்தால் வலி.

ராயபுரம் பிசியோ எழுதியது:

ஐயா சொல்வது முற்றிலும் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஐயாவுடையது பெரும்பாலும் தண்டுவடக் கால்வாய் குறுகும் நோய். குனியும்போது கால்வாய் சற்று விரிவதால் நிம்மதி கிடைக்கிறது. அவர்களுக்கு நிமிர்ந்து வளையும் பயிற்சி ஆகாது. சைக்கிள் மிதிப்பதும், மல்லாந்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவதும் ஒத்துக்கொள்ளும். கால் இரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால் கடுக்கும் என்பதால் பாதத்து நாடியையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள் ஐயா. வெளியே போய்வர முடியவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது (ஐந்து வாரங்கள் கழித்து):

கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்ற பெயர் வேண்டாம் என்று எழுதுகிறேன். வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாள் இரவும் வலி நின்ற இடத்தை ஒரே சொல்லில் குறித்து வந்தேன். முதல் எட்டு நாள்களும் 'விரல்' என்றே இருக்கிறது. ஒன்பதாம் நாள் 'கெண்டை'. பதினான்காம் நாள் மறுபடியும் 'விரல்'. அன்று உறவினர் திருமணத்தில் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன், என் மேல் எனக்கே கோபம் வந்தது. அதற்கடுத்த வாரம் 'முழங்கால்'. இந்த வாரம் முழுவதும் 'புட்டம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து என் மகள் சிரிக்கிறாள்.

பெருவிரல் மரப்பு பாதிதான் போயிருக்கிறது. இயன்முறை மருத்துவப் பிரிவில் நேரில் காட்டினேன், வலு இரண்டு காலிலும் சமம் என்றார்கள். மாத்திரை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. அறுவை சிகிச்சை சொன்ன மருத்துவரிடமும் மரியாதைக்காகப் போய்க் காட்டினேன். அவர் காலை உயர்த்திப் பார்த்தார், முன்பு முப்பது டிகிரியில் அலறியவன் இப்போது எழுபது வரை சும்மா இருந்ததைக் கண்டு, சரி, இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

மெட்ரோவில் நின்றுகொண்டே போகிறேன். காலியாக இருக்கும் இருக்கையில் உட்காரச் சொல்லி யாராவது ஒருவர் தினமும் வற்புறுத்துகிறார், அவருக்கு விளக்கம் சொல்வதற்குள் மண்ணடி வந்துவிடுகிறது.

காசிமேட்டு ஐஸ்பெட்டி எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. குடம்?

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

பம்பை மகன் அடிக்கிறான், அண்ணா. அம்மா பாதிக் குடத்துக்கு மேல் யாரையும் நிரப்ப விடுவதில்லை.